மண்சட்டி, கண்ணாடி பாட்டில், அகல் விளக்கு: உடையாமல் பார்சல் அனுப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மண்பாத்திரங்களை ஆன்லைனில் விற்கிறேன். சட்டி வனைவது என் மாமனார் வீட்டார். படம் எடுப்பது, ஆர்டர் வாங்குவது, பெட்டி கட்டுவது எல்லாம் என் வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதிதாகத் தொழில் தொடங்கும் மகளிர் குழுப் பெண்களும் தம்பிகளும் போனில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். தனித்தனியாகச் சொல்வதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, 'உடையும் பொருள், கவனம்' என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதாதா?

போதாது. ஸ்டிக்கர் ஒட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

உங்கள் பெட்டி போகிற வழியை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். தர்மபுரியில் கூரியர் அலுவலகத் தரையில் வைப்பார்கள். அங்கிருந்து வேனில், மற்ற பெட்டிகளுக்கு அடியில் போகும். பெரிய கிடங்கில் இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, மறுபடி லாரியில் அடுக்குவார்கள். சேலம் பக்கம் போகிற லாரி என்றால் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயில் பிரேக் போட்டுப் போட்டு இறங்கும். உள்ளே இருக்கிற சரக்கு எல்லாம் முன்பக்கம் சாயும். கடைசியில் டெலிவரி தம்பியின் வண்டியில், பெரிய பை ஒன்றுக்குள் திணிக்கப்பட்டுப் போகும். இத்தனை கைகளில் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பெட்டிகளைத் தூக்குகிறவர்கள். உங்கள் ஸ்டிக்கரைப் படிக்க அவர்களுக்கு நேரம் இல்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை. பெட்டி ஒரு தடவையாவது கீழே விழும் என்று எடுத்துக்கொண்டு கட்டுங்கள்.

எவ்வளவு உயரத்திலிருந்து விழும் என்று கணக்கு வைப்பது?

இடுப்பு உயரம். பார்சல்களைச் சோதிக்கும் உலக அளவிலான நடைமுறை ஒன்று இருக்கிறது. அதில் 9 கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 செ.மீ உயரத்திலிருந்து பத்துத் தடவை போடுகிறார்கள்: ஒரு மூலை, மூன்று ஓரம், ஆறு பக்கம். நம் பெட்டிகள் எல்லாம் இந்த எடைக்குள்தான் வரும்.

அந்த உயரத்திலிருந்து விழும் பெட்டி தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 14 கி.மீ வேகத்தில் இருக்கும். சைக்கிளில் போய்ச் சுவரில் மோதுகிற வேகம். இனி எல்லாம் அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கிலோ சட்டி, மெத்தை எதுவும் இல்லாமல் 2 மி.மீட்டருக்குள் சட்டென்று நின்றால், அதன் மேல் ஏறத்தாழ 380 கிலோ அழுத்துகிற மாதிரி அடி விழும். சுற்றியுள்ள மெத்தை 2 செ.மீ அமுங்கிக் கொடுத்து நிறுத்தினால் அதே அடி 40 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு! பபிள் கவரும் கசக்கிய காகிதமும் செய்வது இந்த வேலையைத்தான். அதனால் மெத்தை அமுங்க இடம் வேண்டும். கல் மாதிரி இறுக்கிக் கட்டினாலும் சட்டி உடையும், தொளதொளவென்று கட்டினாலும் உடையும்.

நீங்கள் முதலில் அனுப்பியது உடைந்ததாமே?

ஆமாம். நாகர்கோவிலில் ஒரு அக்கா மூன்று அளவில் மூன்று குழம்புச் சட்டி கேட்டிருந்தார். இடம் மிச்சம் என்று பெரியதற்குள் நடுத்தரம், அதற்குள் சின்னது என்று அடுக்கி, வெளியே மட்டும் நாலு சுற்று பபிள் கவர் சுற்றினேன். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பத்திரமாகத் தெரிந்தது. அக்கா அனுப்பிய படத்தில் பெட்டியில் ஒரு நசுங்கல் கூட இல்லை. ஆனால் பெரிய சட்டி நான்கு துண்டாகக் கிடந்தது. சின்னச் சட்டி முழுசாக இருந்தது.

அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விரிசல் உள்ளிருந்து வெளியே போயிருந்தது. வழி நெடுக உள்ளே இருந்த சட்டிதான் வெளிச் சட்டியைச் சுத்தியல் மாதிரி தட்டிக்கொண்டே போயிருக்கிறது. அன்றைக்குப் பிறகு இரண்டு மண் பொருள் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி நான் கட்டுவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். உள்ளே போவதைத் தனியாகச் சுற்றி, அடியிலும் சுற்றியும் காகிதம் அடைத்து, கையால் ஆட்டினால் அசையாத மாதிரி வைக்கிறேன்.

கட்டுவதற்கு முன்னால் பொருளில் என்ன பார்க்க வேண்டும்?

மண் என்றால் காது வேண்டும். சட்டியை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கை விரல் முட்டியால் விளிம்புக்குக் கீழே மெல்லத் தட்டுங்கள். நன்றாக வெந்த, விரிசல் இல்லாத சட்டி 'ணங்' என்று மணி மாதிரி ஒலித்து, ஒலி கொஞ்சம் நீளும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் 'டப்' என்று அடங்கிவிடும். நாலு இடத்தில் தட்டுங்கள். சந்தேகம் இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால், விரிசல் இருக்கிற இடம் கோடு போட்ட மாதிரி ஈரமாகத் தெரியும். மாமனார் தட்டாமலே, எடுத்த கனத்திலேயே சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை.

தண்ணீர் ஊற்றிப் பார்த்த சட்டியை நன்றாக வெயிலில் காயவைத்த பிறகுதான் கட்ட வேண்டும். மண் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு பபிள் கவரில் சுற்றினால் நாலு நாளில் பூஞ்சை பிடித்து, திறக்கும்போது வாடை அடிக்கும்.

எந்தப் பெட்டி வாங்குவது?

அட்டைப்பெட்டிக் கடையில் 3 பிளை, 5 பிளை என்பார்கள். இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவில் ஒரு அலைத்தாள் இருந்தால் 3 பிளை. மூன்று தட்டைத் தாள், இரண்டு அலைத்தாள் என்றால் 5 பிளை. இரண்டு கிலோவுக்குள் ஒற்றைப் பொருள் என்றால் நல்ல 3 பிளை போதும். அதற்கு மேல் எடை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட சட்டி என்றால் 5 பிளை வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அலை மேலிருந்து கீழாக நிற்கிற மாதிரி பெட்டி இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே அடுக்கும் பாரத்தைத் தூண் மாதிரி தாங்கும். பெட்டியைப் படுக்க வைத்து அனுப்பினால் அந்தப் பலம் போய்விடும்.

மளிகைக் கடைப் பழைய பெட்டி? ஒரு தடவை மடிந்த மூலை, நனைந்து காய்ந்த அட்டை, இரண்டும் பாதிப் பலத்தை இழந்தவை. உடையாத பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் பழைய பெட்டிகளை நீளவாக்கில் கிழித்து, உள்ளே தடுப்பு அட்டையாகப் பயன்படுத்துகிறேன்.

அளவு: பொருளின் ஒவ்வொரு பக்கத்திலும் 5 செ.மீ இடம் இருக்க வேண்டும். 20 செ.மீ அகலச் சட்டிக்கு 30 செ.மீ பெட்டி.

சட்டியைச் சுற்றும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

முதலில் வெற்றுக் காகிதம், அச்சடிக்காதது. சட்டியின் உள்ளே கசக்கிய காகிதத்தை விளிம்பு வரைக்கும் நிரப்புங்கள். சட்டி வெளியிலிருந்து அமுங்கும்போது உள்ளிருந்து தாங்க ஏதாவது இருக்க வேண்டும். பிறகு முழுச் சட்டியையும் ஒரு காகிதத்தில் சுற்றுங்கள். அடுத்தது பபிள் கவர், குமிழ் பக்கம் சட்டியைத் தொடுகிற மாதிரி, இரண்டு சுற்று. இதில் எல்லாரும் தவறவிடுவது வாய் விளிம்பைத்தான். சட்டி உடைவது பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்கும். நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பபிள் பட்டை வெட்டி, விளிம்பை மட்டும் முதலில் வளையம் மாதிரி சுற்றி டேப் போட்டுவிட்டு, அதற்கு மேல் முழுச் சுற்று சுற்றுங்கள். கைப்பிடி, மூக்கு இருக்கிற பொருள் என்றால் அந்த இடைவெளியில் காகிதத்தைச் செருகி, உருண்டையாக்கிவிட்டு அப்புறம் சுற்றுங்கள்.

மூடி தனிப் பொட்டலம். சட்டியின் மேல் மூடியை வைத்து மூடி அனுப்பவே கூடாது.

பெட்டியின் அடியில் 5 செ.மீ உயரத்துக்குக் கசக்கிய காகிதம். அதன் நடுவில் சட்டி. நான்கு பக்கமும் காகிதத்தைக் கையால் அழுத்தி அடையுங்கள். மேலேயும் நிரப்பி, பெட்டியை மூடும்போது மூடி லேசாக எதிர்க்க வேண்டும். மூடிய பிறகு காதருகே வைத்துக் குலுக்குங்கள். ஏதாவது சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். எவ்வளவு அவசரம் என்றாலும்.

வைக்கோல், செய்தித்தாள், தெர்மாகோல், எது நல்லது?

என் அப்பா கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டியில் பெட்டி கட்டுகிற வேலை செய்தவர். சீசனில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். அடியில் வைக்கோலை மெத்தையாகப் பரப்பி, ஒரு வரிசை மாம்பழம், காம்பு மேலே பார்க்காத மாதிரி, இடுக்கில் எல்லாம் வைக்கோல். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே ஒரு குலுக்கு. எல்லாம் ஒரு விரல் இறங்கும். இறங்கின அளவுக்கு மேலே மறுபடி நிரப்புவார். "ரோட்டுல இறங்கறத இங்கயே இறக்கிடணும்" என்பார். நான் சட்டி கட்டும்போதும் பாதி நிரப்பியதும் ஒரு குலுக்கு, முழுதும் நிரப்பியதும் ஒரு குலுக்கு.

வைக்கோல் அருமையான மெத்தைதான், உள்ளூரில் மலிவாகவும் கிடைக்கும். நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சியும் பூஞ்சையும் கூடவே போகும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பெட்டியில் வைக்கோல் வேண்டவே வேண்டாம். பல நாடுகள் தாவரப் பூச்சி பயத்தில் அதை உள்ளே விடுவதில்லை. செய்தித்தாளைக் கசக்கி அடைக்கலாம், ஆனால் சமைக்கும் பாத்திரத்தை நேராகத் தொடக் கூடாது. மை ஒட்டும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் வைக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சொல்லியிருக்கிறது. தெர்மாகோல் உருண்டைகளை நான் விட்டுவிட்டேன். கனமான சட்டி வழியில் அவற்றை விலக்கிக்கொண்டு மெல்ல அடிக்கு இறங்கிவிடுகிறது. வாங்குகிறவர் வீடெல்லாம் பறக்கவும் செய்கிறது.

கார்த்திகைக்கு அகல் விளக்கு நூறு, இருநூறு என்று கேட்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சுற்ற முடியுமா?

வேண்டியதில்லை. பத்து அகலை ஒன்றின் மேல் ஒன்று அடுக்குங்கள், நடுவில் உள்ளங்கை அளவு காகிதத் துண்டு. அடுக்கைக் காகிதத்தில் பிஸ்கட் பொட்டலம் மாதிரி இறுகச் சுருட்டி, ஒரு சுற்று பபிள் கவர். அந்த உருளைகளைப் பெட்டியில் படுக்க வைத்து வரிசையாக அடுக்குங்கள். அகல் தட்டையாக அடுக்கி வந்தால் அடியில் இருப்பது மொத்த அடியையும் வாங்கும். படுத்திருந்தால் தாங்கும். பீங்கான் தட்டுக்கும் இதே கதைதான். நிறுத்தி வைத்து அனுப்ப வேண்டும்.

கொலு பொம்மைக்கு இந்த வழி செல்லாது. கிரீடம், நீட்டிய கை, புல்லாங்குழல் இவற்றை மெல்லிய டிஷ்யூ காகிதத்தால் சுற்றி, உடம்புப் பகுதியை மட்டும் மெத்தை தாங்குகிற மாதிரி கட்டுங்கள். மெல்லிய பகுதியில் எதுவும் அழுத்தக் கூடாது.

எண்ணெய், ஊறுகாய் பாட்டில்?

இரண்டு பயம்: உடைவது, கசிவது. கசிவதுதான் அதிகம். எண்ணெயைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். வெயிலில் லாரிக்குள் 20 டிகிரி சூடு ஏறினால் ஒரு லிட்டர் எண்ணெய் 14 மி.லி அளவுக்கு விரியும். அதற்கு இடம் இல்லாவிட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். மூடிக்குக் கீழே உள்சீல், மூடியைச் சுற்றி டேப், பிறகு ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனி ஜிப் கவரில். ஒன்று கசிந்தாலும் மற்றது கெடாது. பல பாட்டில் என்றால் குறுக்கும் நெடுக்கும் தடுப்பு அட்டை வைத்து, நிமிர்த்தி வையுங்கள். மேலே போகும் அம்புக்குறியை நான்கு பக்கமும் ஒட்டுங்கள்.

திரவத்தை எந்தக் கூரியர் எடுக்கும், எது எடுக்காது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டேப் எப்படி ஒட்டுவது?

இரண்டு அங்குல பிரவுன் டேப். நடு இணைப்பில் ஒன்று, இரண்டு ஓர இணைப்புகளில் ஒவ்வொன்று, மேலும் கீழும் இதே மாதிரி. அடிப்பக்கம் நடுவில் இன்னொரு சுற்று. நூல் கட்டாதீர்கள், கிடங்கு இயந்திரங்களில் மாட்டிக்கொள்ளும்.

ரொம்ப விலை உள்ள பொருள் என்றால்?

பெட்டிக்குள் பெட்டி. மேலே சொன்ன மாதிரி சின்னப் பெட்டியில் கட்டி, அதை எல்லாப் பக்கமும் 5 செ.மீ பெரிய இன்னொரு பெட்டிக்குள் காகித மெத்தை போட்டு வையுங்கள். பெரிய கண்ணாடி ஜாடி, வேலைப்பாடு உள்ள பொம்மை இவற்றுக்கு நான் இதைத்தான் செய்கிறேன்.

இவ்வளவு பெரிய பெட்டி என்றால் கூரியர் காசு ஏறுமே?

ஏறும். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். அதில் வரும் எண், உண்மையான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. 40 × 40 × 30 பெட்டி 9.6 கிலோவாக ஆகிவிடும், உள்ளே நாலு கிலோதான் இருந்தாலும். அதே சட்டி 32 × 32 × 25 பெட்டியில் அடங்கினால் 5.1 கிலோ. அதனால் உங்களிடம் அதிகம் விற்கிற மூன்று நான்கு பொருள்களுக்கு ஏற்ற அளவில் பெட்டி செய்து வாங்குங்கள். மெத்தையைக் குறைத்துப் பெட்டியைச் சுருக்காதீர்கள்.

பேக்கிங்குக்கே லாபம் எல்லாம் போய்விடுகிறது அக்கா.

புரிகிறது, எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சட்டி 400 ரூபாய், அனுப்பும் செலவு 150 என்று வைத்துக்கொள்வோம். இருபதில் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றில் போனது 550 ரூபாய். இருபது பார்சலுக்குப் பிரித்தால் பார்சலுக்கு இருபத்தேழு ரூபாய் ஐம்பது காசு. ஒவ்வொரு பார்சலிலும் இருபது ரூபாய் கூடுதலாகச் செலவழித்து உடைவதை நிறுத்த முடிந்தால் உங்களுக்கு லாபம்தான். உடைந்த சட்டியைப் பார்த்த வாடிக்கையாளர் மறுபடி வராமல் போவது இந்தக் கணக்கில் சேரவே இல்லை. பேக்கிங் செலவை விலையிலேயே சேர்த்துப் போடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சரியாகக் கட்டியிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போட்டுப் பாருங்கள். விற்க முடியாத, கறை பிடித்த சட்டி ஒன்றை எடுத்து, அனுப்புகிற மாதிரியே கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுங்கள். முதலில் ஒரு மூலை, பிறகு மூன்று ஓரங்கள், பிறகு ஆறு பக்கங்கள். மூலையில் விழும்போதுதான் வயிறு கலங்கும். திறந்து தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் தாராளமாக அனுப்பலாம். புதுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டியை இப்படிச் செலவழிக்கிறேன்.

மழைக்காலத்தில்?

ஐப்பசி, கார்த்திகையில் அட்டை காற்றின் ஈரத்தைக் குடித்தே தளர்ந்துவிடும். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். கட்டிய பெட்டிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கவர் போடுங்கள். முகவரித் தாளின் மேல் டேப் ஒட்டுங்கள், ஸ்கேன் செய்யும் கோடுகளின் மேல் மட்டும் பளபளப்பு டேப்பில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் உடைந்துவிட்டால்?

முதலில் வாடிக்கையாளரிடம் மன்னிப்பு, உடனே வேறு பொருள் அல்லது பணம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி பழுதான பொருளைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. விதி இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான், காசு கொடுத்துக் காத்திருந்தவர் அவர்.

கூரியரிடம் இழப்பீடு கேட்கப் படங்கள் வேண்டும். அதனால் பெட்டி மூடும் முன் ஒரு படம், தராசில் ஒரு படம், மூடிய பிறகு ஒரு படம் எடுத்து, ஆர்டர் எண் போட்டு வையுங்கள். வாங்குகிறவரிடம் பெட்டி திறப்பதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். புகார் கொடுக்க அவர்கள் தருகிற நாட்கள் குறைவு, அன்றைக்கே எழுதிவிடுங்கள். கண்ணாடிக்கும் மண்பாண்டத்துக்கும் உடைசல் இழப்பீடு கிடையாது என்று பல நிறுவனங்கள் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அனுப்பத் தொடங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

உடைந்த படத்தை அழிக்காதீர்கள். எந்த இடத்தில் விரிசல் தொடங்கியது, பெட்டியின் எந்த மூலை நசுங்கியது என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் மெத்தை குறைந்திருக்கிறது.

பெட்டிக்குள் ஏதாவது எழுதி வைக்க வேண்டுமா?

நான் கால் பக்கத் தாள் ஒன்று வைக்கிறேன், மேலேயே, திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி. கத்தியை ஆழமாக இறக்காமல் டேப்பை மட்டும் வெட்டுங்கள். காகிதத்துக்குள் மூடி தனியாக இருக்கிறது, தேடி எடுங்கள். சட்டியை விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்து எடுங்கள். தட்டிப் பார்த்து, 'ணங்' என்று கேட்கவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள். சரியாக இருந்தால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வடிகஞ்சியோ அரிசி களைந்த நீரோ ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு கழுவிப் பழக்குங்கள். இரண்டு மூன்று நாள் பழக்கிய பிறகு குழம்பு வைக்கலாம்.

'மூடி தனியாக இருக்கிறது' என்ற வரியை எழுதத் தொடங்கியது, ஒருவர் மூடியைக் காகிதத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, மூடி வரவில்லை என்று எழுதிய பிறகுதான்.